எல்லை தாண்டிப் போன ஊர்கள்

(கங்காதர நெல்லூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் சமூக, அரசியல் கொந்தளிப்புகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மாங்காய் லாரிகள் கூழ் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் இந்த மாதத்தில், கங்காதர நெல்லூரில் உட்கார்ந்து அமெரிக்காவைப் பற்றிக் கேட்க யாருக்குப் பொழுது இருக்கும் என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். நான் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிக வம்சாவளி மக்கள் தங்கள் ஊர்வலங்களில் எழுப்பும் ஒரு முழக்கம்தான் அதற்குக் காரணம். நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்கிறார்கள் அவர்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு என் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது.

பாட்டி பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இங்கே, நீவா ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில். கல்யாணம் 1950 வாக்கில். அன்றைக்குத் தாய்வீடும் புகுந்த வீடும் ஒரே சித்தூர் மாவட்டம், ஒரே சென்னை ராஜ்யம். 1953 அக்டோபர் 1 அன்று இரண்டு வீடுகளும் ஆந்திர மாநிலத்துக்குப் போயின. 1960 ஏப்ரல் 1 அன்று தாய்வீடு மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிவிட்டது. "நான் எங்கடா போனேன்? நான் இருந்த எடத்துலயேதான் இருக்கேன். நடுவுல கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது, களைப்புதான் இருக்கும்.

நம் நீவா நதியே அப்படித்தான். சித்தூரைத் தொட்டு வரும்வரை நீவா. எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் அதன் பெயர் பொன்னை. அதே தண்ணீர்தான் பாலாற்றில் போய்ச் சேர்கிறது.

அந்தக் கோடு எப்படி வந்தது என்பதை இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பள்ளிப் பாடங்களில் இதில் பாதிதான் வருகிறது. ஆந்திரப் பாடநூலில் ஒரு பாதி, தமிழ்நாட்டுப் பாடநூலில் இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் எல்லையில் இருக்கும் நாம் மட்டும்தான்.

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர், பலமநேர், சந்திரகிரி, திருத்தணி ஆகிய பகுதிகளை வட ஆற்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றைக் கடப்பையிலிருந்தும் எடுத்துச் சேர்த்து சித்தூர் மாவட்டம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். அது ஆங்கிலேயரின் நிர்வாக வசதிக்காகச் செய்தது. எந்த மொழிக்காரர் எந்தப் பக்கம் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டிய நாள் நாற்பது ஆண்டு கழித்து வந்தது.

தெலுங்கு மக்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்ற கோரிக்கை 1913-ல் பாபட்லாவில் கூடிய ஆந்திர மகாசபையிலிருந்து வளர்ந்தது. அது நியாயமான கோரிக்கை. இதைத் தமிழனாகவே சொல்கிறேன். சென்னை ராஜதானியில் கல்லூரி, வேலை, அதிகாரம் எல்லாம் சென்னையைச் சுற்றியே இருந்தன. தங்கள் மொழியில் ஆட்சி நடக்க வேண்டும் என்று தெலுங்கர்கள் கேட்டதில் என்ன பிழை? விடுதலைக்குப் பிறகு டெல்லி தயங்கியது. 1948-ல் தார் ஆணையம் மொழிவழி மாநிலம் இப்போது வேண்டாம் என்றது. அடுத்து நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய குழு, சென்னை நகரத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் அமைக்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தது.

1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் சென்னையிலேயே பிறந்தவர். டிசம்பர் 15 இரவு அங்கேயே உயிர் துறந்தார். அடுத்த சில நாட்கள் நெல்லூரிலிருந்து விசாகப்பட்டினம் வரை கொந்தளித்தது. ரயில்கள் ஓடவில்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. டிசம்பர் 19 அன்று நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். ஒரு மனிதரின் சாவுக்குப் பின் நான்கே நாளில், முப்பத்தொன்பது ஆண்டு இழுத்தடித்த கேள்விக்கு விடை வந்தது. கர்னூலைத் தலைநகராகவும் பிரகாசம் பந்துலுவை முதலமைச்சராகவும் கொண்டு 1953-ல் அந்த மாநிலம் பிறந்தது.

இது ஒரு பாதி. மறுபாதியைத் திருத்தணிப் பக்கத்து முதியவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மங்கலங்கிழார் என்ற ஆசிரியர் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் தமிழ் கற்றுக்கொடுத்தார், படித்தவர்களைத் திரட்டினார், ம.பொ. சிவஞானத்தை வடக்கு எல்லைக்கு அழைத்து வந்தார். ம.பொ.சி. 1946-ல் தமிழரசுக் கழகம் தொடங்கியவர். நாடு விடுதலை பெற்ற ஆகஸ்ட் மாதத்திலேயே அவர் திருப்பதிக்கு வந்து வேங்கடம் தமிழகத்தின் எல்லை என்று பேசினார். தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகளாகச் சொல்வதே அவருடைய ஆவணம். 1953-ல் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டபோது மறியல், தடை மீறல், சிறை என்று இந்தப் பகுதி கொதித்தது. வழக்கறிஞர் கே. விநாயகம் திருத்தணியில் போராட்டத்தை வழிநடத்தினார். திருவாலங்காடு கோவிந்தசாமி, பழனி மாணிக்கம் ஆகிய இருவரும் அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களாக நினைக்கப்படுகிறார்கள். ஸ்ரீராமுலுவுக்குச் சிலை இருக்கும் அளவுக்கு இவர்களுக்கு இல்லை. எனக்கு மூன்று சாவும் ஒரே கனம்தான்.

திருப்பதியைப் பற்றி ஒரு சொல். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதம் நிறுத்தப்பட்டு அந்த இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் அதே கோயிலில்தான் செப்பேடுகளில் வெட்டி வைக்கப்பட்டிருந்தன. இந்த மலை யாருக்கு என்ற கேள்விக்குக் கோயிலே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அரசியல் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் வருவாய்த்துறை வரைபடத்தில் ஒரு மலைக்கு ஒரு நிறம்தான் பூச முடியும்.

எல்லைத் தகராறைத் தீர்க்க ஹரி விநாயக் படாஸ்கர் நடுவராக வந்தார். மத்தியில் சட்ட அமைச்சராக இருந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நடத்திக்கொடுத்தவர் அவர். அவருடைய அளவுகோல் எளிமையானது. கிராமம்தான் அலகு. 1951 மக்கள்தொகைக் கணக்கில் அந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகமோ, அது அந்த மொழி ஊர். பக்கத்து ஊர்களோடு தொடர்ச்சியும் இருக்க வேண்டும். அதன்படி 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டு உள்வட்டமுமாக 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஏறக்குறைய 150 கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்தன. சத்தியவேடு அப்படி வந்ததுதான்.

இந்தச் சட்டம் நிறைவேறிய நாட்களில் மாநிலங்களவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் குடியரசுத் துணைத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிறந்த ஊர் திருத்தணி, வீட்டு மொழி தெலுங்கு, பள்ளிப்படிப்பு திருப்பதியில், கல்லூரி வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய ஊரிஸ் கல்லூரியில். அவர் பிறந்த 1888-ல் திருத்தணி வட ஆற்காடு. 1911-ல் சித்தூர். 1953-ல் ஆந்திரம். 1960-ல் மீண்டும் சென்னை. ஒரே ஆயுளில் ஒரு மனிதரின் பிறந்த ஊர் இத்தனை முறை இடம் மாறியது. ஊர் நகரவே இல்லை.

கிராமம்தான் அலகு என்ற அந்த எளிய அளவுகோலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு பேர் உள்ள ஊரில் 51 பேர் தமிழ் என்றால் அது தமிழ் ஊர். மற்ற 49 பேர்? அவர்கள் கணக்கில் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பது. என் அப்பா வெல்ல மண்டியில் தெலுங்கில் விலை பேசுவார். வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி வைப்பார். சாமி கும்பிடும்போது இரண்டு மொழியிலும் முணுமுணுப்பார். கணக்கெடுப்புக்கு வந்தவர் தாய்மொழிக் கட்டத்தில் ஒன்றைத்தானே எழுதியாக வேண்டும்? அன்றைக்குச் சொன்ன ஒரு சொல்தான் பிறகு மாநிலமாக மாறப்போகிறது என்று யாரும் இவர்களிடம் சொல்லவில்லை.

நான் படாஸ்கரைக் குறை சொல்லவில்லை. யாரை அனுப்பியிருந்தாலும் ஏதோ ஒரு அளவுகோல் வைத்துத்தான் ஆகவேண்டும். எங்கே கோடு போட்டாலும் சிலர் தவறான பக்கத்தில் நின்றிருப்பார்கள். அதனால் கோடு போட்ட பிறகு அப்படி நின்றவர்களுக்கு என்ன செய்தோம் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவை நான் கொண்டுவருவது இதற்காகத்தான்.

1848-ல் மெக்சிகோவோடு நடந்த போருக்குப் பிறகு, குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தின்படி கலிபோர்னியா உட்பட ஒரு பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவிடம் போனது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று முடிவு செய்துகொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் காலையில் எழுந்தபோது வேறு தேசத்தில் இருந்தன. பின்னால் வேலை தேடி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பிள்ளைகளின் நிலை என்ன தெரியுமா? பல ஊர்களில் அவர்களுக்குத் தனிப் பள்ளி. பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி.

போர் முடிந்த கையோடு அங்கே கொந்தளிப்பு தொடங்கிவிட்டது. 1946-ல், இங்கே தமிழரசுக் கழகம் தொடங்கிய அதே ஆண்டில், கலிபோர்னியாவில் மெண்டஸ் என்ற குடும்பமும் வேறு சில குடும்பங்களும் தொடுத்த வழக்கில், மெக்சிகப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் போடுவது செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது. கலிபோர்னியா தன் சட்டத்திலிருந்தே பள்ளிப் பிரிவினையை நீக்கியபோது அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ஏர்ல் வாரன். அதே வாரன் பிறகு தலைமை நீதிபதியாகி, 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் கறுப்பின மாணவர்களைத் தனியே பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார். 1955 டிசம்பரில் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறவில்லை. நடந்தே வேலைக்குப் போனார்கள். சமையல்காரம்மாக்களும் துப்புரவுத் தொழிலாளிகளும்தான் அதில் அதிகம். 1957-ல் படாஸ்கர் நம் கிராமங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்குள் நுழைய ராணுவம் துணைக்கு வர வேண்டியிருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் செய்தி இதுதான். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் 1870-லேயே வந்துவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று ஏதேதோ வைத்து அந்தக் காகிதத்தைத் தென் மாநிலங்கள் செல்லாக்காசாக்கி வைத்திருந்தன. 1965 மார்ச்சில் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் பாலத்தின் மேல் அடிபட்ட பிறகுதான், அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இடையே 95 ஆண்டுகள். புதிதாக அவர்கள் எதையும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததைக் கொடு என்றுதான் கேட்டார்கள்.

நமக்கும் எழுதிக் கொடுத்தது இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் 1968-க்கு ஒரு நிமிடம் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிக வம்சாவளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். லிங்கன் பள்ளி, கார்பீல்டு பள்ளி, ரூஸ்வெல்ட் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக. அவர்கள் கேட்டவை இரு மொழிக் கல்வி, தங்கள் மக்களின் வரலாற்றுக்குப் பாடத்தில் இடம், தங்களைப் போன்ற ஆசிரியர்கள். அவர்களோடு நின்றவர் லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. சதி செய்ததாக 13 பேரைக் கைது செய்தார்கள், அவரும் அதில் ஒருவர். வேலை போனது. பெற்றோரும் மாணவர்களும் கல்வி வாரிய அலுவலகத்திலேயே உட்கார்ந்து, நாள் கணக்கில் நகர மறுத்து, அவர் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள். சால் காஸ்ட்ரோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மங்கலங்கிழார் நினைவு வருகிறது. இரண்டு பேரும் வாத்தியார்கள். வரைபடத்தைவிடப் பிள்ளைகளின் பலகையை அதிகம் பார்த்தவர்கள்.

அதே ஆண்டு ஜனவரியில்தான் அதிபர் லிண்டன் ஜான்சன் இரு மொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். அவரே இளம் வயதில் டெக்சாஸ் மாநிலத்துக் கொடூலா என்ற சிற்றூரில் மெக்சிகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். 1974-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் ஏறக்குறைய 1,800 பேர் எந்தத் துணைப்பாடமும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம்தானே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது பள்ளி நிர்வாகம். மொழி புரியாத பிள்ளைக்கு அதையே கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். லா எதிர் நிக்கோல்ஸ் என்று அந்த வழக்குக்குப் பெயர். நம் ஊர்ப் பள்ளிகளின் வாசலில் எழுதி வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

அங்கேயும் வென்றது வென்றபடியே நிற்கவில்லை. 1998-ல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் இரு மொழிக் கல்வியைச் சுருக்கினார்கள். 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது நமக்கு எழுதிக் கொடுத்தது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. ஒரு தொடக்கப் பள்ளியில் வேறு தாய்மொழிப் பிள்ளைகள் மொத்தம் 40 பேர் இருந்தால், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அவர்கள் மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் கொடுக்க வேண்டும். பத்து, நாற்பது. இந்த இரண்டு எண்களையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் எனக்குப் போதும். மாநிலச் சீரமைப்பு முடிந்த 1956-ல் அரசியல் சட்டத்திலேயே 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. அடுத்த பிரிவான 350பி, இதைக் கவனிக்கவென்றே டெல்லிக்கு அறிக்கை கொடுக்கும் ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. 1957-ல் அந்தப் பதவியும் வந்தது. 'முயல வேண்டும்' என்ற சொல் தளர்வானதுதான். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க ஆள் இருந்தால் அந்தச் சொல்லுக்கும் பலம் வந்திருக்கும்.

ஆள் இல்லை. ஏன் இல்லை? திருத்தணி கிடைத்ததும் போராட்டத்தின் தலைவர்கள் எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வடக்கெல்லைப் போராட்டம் தமிழ்நாட்டில் நூலாயிற்று, நினைவு நாளாயிற்று. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம், சத்தியவேடு என்று இந்தப் பக்கத்தில் விடுபட்ட தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு மங்கலங்கிழார் வரவில்லை. நாங்களும் ஒருவரைத் தேடவில்லை. இரண்டாவது போராட்டம் ஒன்று நடந்திருக்க வேண்டும். நிலத்துக்கு நடந்த முதலாவது முடிந்த பிறகு, பலகைக்காக நடந்திருக்க வேண்டியது அது.

நான் ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரே ஆசிரியர். அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தோம். பிறகு தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். என் தம்பி அதே கட்டடத்தில் தெலுங்கு வழியில் சேர்ந்தான். தெலுங்கு அவனுக்கு அந்நியம் இல்லை, தெருவில் பேசும் மொழிதான். இன்று அவன் அருமையாகத் தெலுங்கு எழுதுகிறான், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாட்டி பள்ளிப்பட்டிலிருந்து வரும் கடிதங்களை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாட்டி ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார். ஒரே வீட்டில், நான்கு வயது வித்தியாசத்தில், அந்தக் கோடு அப்படி இறங்கியது.

இதே கதை அந்தப் பக்கத்திலும் நடக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. தமிழ்நாடு 2006-ல் கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டத்தால் திருத்தணி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் தங்கள் மொழிக்கு இடம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே நாம் கேட்பதை, அங்கே தெலுங்குப் பிள்ளைக்கும் கேட்கிறவன்தான் நேர்மையாகக் கேட்கிறான். அதேபோல் 2019 நவம்பரில் ஆந்திர அரசு பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டு, 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, தெலுங்கு அன்பர்கள் முதல்முறையாக நம் வலியைத் தங்கள் வலியாகப் பேசினார்கள். அன்றைக்கு நாம் அவர்களோடு சேர்ந்து நின்றிருக்கலாம்.

இன்னொரு கோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் நான் பேசி முடிக்க முடியாது. கங்காதர நெல்லூர் 2009 தேர்தல் முதல் தனித் தொகுதி. தமிழ் ஊரோ தெலுங்கு ஊரோ, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் உள்ள கோடு படாஸ்கரின் வரைபடத்தில் இல்லை. இரண்டு மாநிலமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. எல்லை மாற்றச் சட்டம் வந்த அதே 1959-ன் தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார், கன்னியாகுமரி வரை போனார். கேரளத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்துப் பார்த்ததில் ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் கிங் பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். மொழிக்காகச் சிறை போன நம் முன்னோர்களில் எத்தனை பேர் காலனிப் பிள்ளைகளின் கிணற்றுக்காகச் சிறை போனார்கள்? கேட்க வலிக்கிறது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். தமிழ்வழிப் பிரிவு மூடப்படும்போது முதலில் இழப்பது, வேறு ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்க முடியாத காலனிப் பிள்ளைதான். அதனால் என் கணக்கில் இரண்டும் ஒரே கேள்வி.

சென்ற வாரம் பாலசமுத்திரம் மண்டலத்தில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகள் யார், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று வாசல் வாசலாகக் கேட்டு எழுதினேன். முதல் தெருவில் நான்கு பேர். காலனியில் ஆறு பேர். பத்தாகிவிட்டது என்று ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மா முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். என் நோட்டைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "தெலுங்குன்னுதான் எழுதினோம். தமிழ்னு எழுதினா சேத்துக்க மாட்டாங்களோன்னு பயம்" என்றார். வீட்டுக்குள்ளே ஒரு பெண் குழந்தை பாட்டு மாதிரி ஏதோ தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு தலை நிமிர்ந்தார். "நெசமா வாத்தியார் வருவாரா அண்ணா? வருவாருன்னா இவ பேரையும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பதினொன்று.